இல்லத்தில் இசைத்தட்டு

தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பரணின் மீதோ அலமாரியின் அடித்தட்டிலோ பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருக்கக் காணலாம். பாட்டனார் ஆசையாக வாங்கியவை. தந்தையார் உத்தியோகம் மாறிய ஊர்தோறும் உடையாமல் சுமந்து வந்தவை. பேரப்பிள்ளைகளில் பலருக்கோ அவற்றின் நடுவே ஒட்டிய தமிழ்ச் சீட்டைப் படிக்கவும் வராது. எனவே வீடு மாற்றும் நாளில் அவை பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடுகின்றன. அப்படிப் போகவிடாமல் அவற்றை எடுத்துக் கேட்பதையும், அண்டை அயலாரை அழைத்துக் கேட்கச் செய்வதையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

நாங்கள் வாழ்வது கொல்கத்தாவில். இந்தியாவில் இசைத்தட்டின் வரலாறு தொடங்கியதும் இந்நகரில்தான். 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் இங்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தமது பெயரைத் தாமே உரக்கச் சொல்லுவார். அச்சிடும் தொழிற்சாலை ஜெர்மனியில் ஹனோவர் நகரில் இருந்தது. அங்குள்ளவர்கள் தட்டுக்குரியவர் யாரென அறிந்து சீட்டு ஒட்டவே இந்த ஏற்பாடு என்பார்கள். 1908-இல் சியால்தாவில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் அது டம்டமுக்கு மாறியது. பழைய தட்டுகளுக்கு உயிரான பொருள் அரக்கு. அது சோட்டா நாகபுரிக் காடுகளில் மிகுதியாகக் கிடைப்பது. ஆக, காவிரிக் கரையிலே திண்ணையில் கூடி ஊரார் கேட்டு மகிழ்ந்த எச்.எம்.வி. தட்டுகள் இவ்விடத்திலிருந்து ரயிலேறிப் போனவையே. இன்று எங்கள் கூடத்தில் சுழலும் தட்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணைப் போன்றது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக் கொள்வதுண்டு.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே. கோயில் வீதிகளில் இரவெல்லாம் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் அதே தோடியை இந்தச் சிமிழுக்குள் அடைத்துத் தந்திருக்கிறார். இதனைச் சங்கீதத்துக்கு நேர்ந்த விபத்து என்று கூறும் ரஸிகர்கள் உண்டு. நாங்கள் அதை ஒப்புவதில்லை. முதல் பிடியிலேயே ராகத்தின் முகம் தெரிந்தாக வேண்டும் என்ற நெருக்கடி, வித்வானிடமிருந்து சாரத்தை மட்டும் பிழிந்து வாங்கிவிடுகிறது.

அந்தத் தோடியால்தான் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கே எழுந்தது. ஞாயிறு மாலைகளில் அண்டை வீட்டு வங்காளி அன்பர்கள் தங்கள் தட்டுகளுடன் வருவார்கள். அவர்களது ஒன்று, நம்முடையது ஒன்று என மாறி மாறி வைப்போம். நாகஸ்வரம் ஒலிக்கத் தொடங்கியதும், அவர்களில் முதியவர் ஒருவர், “ஆகா, பைரவி!” என்றார். “பைரவி அன்று, தோடி” என்றோம். அவர் விடவில்லை. மறுவாரம் கிரானா மரபின் மேதை அப்துல் கரீம் கான் பாடிய பைரவி தும்ரியை எடுத்து வந்தார். தோடியை அடுத்து அதை வைத்துக் கேட்டதும் இரு தரப்பும் வாயடைத்துப் போனோம். ஸ்வர ஸ்தானங்கள் இரண்டிலும் ஒன்றே! நம் தோடி வடக்கே பைரவி. அவர்களுடைய தோடியோ நம் காதுக்குச் சுபபந்துவராளி. நம்முடைய பைரவி என்பது இவை இரண்டும் அல்லாத மூன்றாவது. காந்தாரத்தை நாம் அசைத்து அசைத்துப் பிடிக்கிறோம். அவர்கள் அதன்மேல் நிலைத்து நிற்கிறார்கள். இவ்வளவையும் நூல் கொண்டு விளக்கப் புகுந்தால் அரை மணியில் உறக்கம் வந்துவிடும். தமிழ் சரளமாகப் பேச வராத எங்கள் வீட்டுச் சிறுவர்கள் அன்று இதைச் செவியாலேயே தெரிந்து கொண்டார்கள்.

அந்த அப்துல் கரீம் கானே தியாகராஜரின் கரஹரப்ரியா கிருதி ஒன்றைத் தட்டில் பாடியிருக்கிறார். உச்சரிப்பில் வடக்கத்திய வாசனை வீசும். பாவத்தில் குறை சொல்ல இடமில்லை. 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் நீத்தார். இச்செய்தியைச் சொன்னபோது வங்காளி அன்பர்கள் அத்தட்டை மறுமுறை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

1948-இல் அமெரிக்காவில் நெடுநேரத் தட்டு வெளிவந்தது. வினைலால் ஆனது, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஒலிப்பது. அவ்வகையில் 1963-இல் வந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் நம்மவர் இல்லங்களில் விடியலுக்கே அடையாளமாயிற்று. வங்காளிகளுக்கும் அத்தகைய விடியல் ஒன்றுண்டு. மகாளய அமாவாசையன்று வைகறையில் கொல்கத்தா வானொலியில் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலில் ஒலிக்கும் மகிஷாசுரமர்த்தினி, பின்னர் தட்டாகவும் வெளிவந்தது. அதை அவர்களிடம் இரவல் பெற்றுக் கேட்டோம்; சுப்ரபாதத்தை இரவல் கொடுத்தோம். அது இன்னும் திரும்பவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

பெட்டியைத் திறக்க எண்ணுவோருக்குச் சில குறிப்புகள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும். மெல்லிய துணியைச் சிறிதே ஈரமாக்கித் துடைத்தால் போதும். பழைய தட்டின் வரி அகலமானது. வினைலுக்குரிய நுண்ணிய ஊசி அதற்கு ஏற்றதன்று, தனி ஊசி வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். கீறல் பெருகுமுன் ஒரு முறை கணினியில் பதிந்து கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு தட்டின் எண், பாடியவர், ராகம், அதனை வாங்கியவர் யார், எந்த ஊரில் என்பனவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யுங்கள். தமிழில் ஒரு வரி. அதன் கீழே, பிள்ளைகள் பள்ளியில் பயிலும் எழுத்தில் ஒரு வரி. எங்கள் நோட்டில் இதுவரை நாற்பத்திரண்டு தட்டுகள் ஏறியிருக்கின்றன. பெட்டியில் இன்னும் பாதி இருக்கிறது.