அறிந்தும் செய்யாமை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



“வாலிபரும் மனவுறுதியும்” என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. மனவுறுதி அற்றவன் என்று சிறுவயது தொட்டுப் பெயரெடுத்தவன் நான். நான் கற்ற மிசன் பாடசாலையில் ஒவ்வொரு தவணை முடிவிலும் தரும் தேர்ச்சி அறிக்கையில், “கெட்டிக்காரன், ஆனால் கவனமில்லை, முயற்சியுமில்லை” என்ற கருத்தே வெவ்வேறு கையெழுத்தில் இருக்கும்.

முயலாமல் நான் இருந்ததில்லை. தைப்பொங்கல்தோறும் புதிய கொப்பி வாங்கி, சிவப்பு மையாலும் நீல மையாலும் நேரசூசி வரைந்து, சுவாமி படத்தின்முன் சபதமும் செய்வேன். அதிகாலை 4 மணிக்கு எழுவது, நாளொன்றுக்கு 6 மணி நேரம் படிப்பது என எல்லாம் அதில் இருக்கும். நாலாம் நாளே அது குலைந்துவிடும். பின்பு சித்திரை வருடப்பிறப்பை எதிர்பார்த்திருப்பேன். இவ்வாறு நல்லநாள் பார்த்தே பல ஆண்டுகள் கழிந்தன.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், இரவிரவாக விழித்திருந்து ஓர் ஒப்படையை எழுதி முடித்தேன். அதைப் பையினுள் வைத்துக்கொண்டே மூன்று நாள் விரிவுரைக்குச் சென்று வந்தேன், கொடுக்க மறந்துவிட்டேன். திகதி கடந்தது, அந்தப் பாடத்தில் தவறினேன். எழுதாமல் தவறியிருந்தால் சோம்பல் எனலாம். எழுதியதைக் கொடாமல் தவறியதற்கு என்ன பெயர்? அதன் பின்னரே மனநல வைத்தியர் ஒருவரை நாடினேன்.

அவர் என்னுடன் நெடுநேரம் பேசினார். என் தாயாரையும் விசாரித்தார். பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார். இக்கோளாற்றின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட கைந்நூலின் விதி. எந்த அறிக்கைகளை எண்ணி நாணினேனோ அவையே எனக்குச் சாட்சி கூறின. கவனக்குறை மிகையியக்கக் கோளாறு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., என்றார் வைத்தியர்.

பெயர் 1987இல் வந்ததாயினும் பொருள் பழையது. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கில வைத்தியர், இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியில் நிகழ்த்திய விரிவுரைகளில், அறிவிற் குறையாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றிக் கூறினார். அவரும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். பெரிய வைத்தியரே அவ்வாறு எண்ணினாராயின், என் ஆசிரியர்களை நான் எங்ஙனம் நோவேன்? 1937இல் ஐக்கிய அமெரிக்காவில் சாள்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர், நடத்தைக் கோளாறுள்ள 30 பிள்ளைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். அவர்களிற் பாதியளவினர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றங் காட்டினர். உபதேசத்தால் மாறாதது மருந்தால் மாறிற்று. இக்கோளாற்றிற் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பதை இரட்டைப் பிள்ளைகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சிகள் பின்னர்க் காட்டின. ஆகவே பெற்ற தாயின் வளர்ப்பைப் பழித்தலும் நியாயமன்று.

வைத்தியரின் ஆலோசனைப்படி நானும் மருந்து உட்கொள்கிறேன். அது கவனத்தை நிலைநிறுத்த உதவுகிறது. ஆனால் எந்தப் புத்தகத்தை முதலில் திறப்பது என்று அது சொல்லாது. அங்கேதான் நாமாகச் செய்யவேண்டியது தொடங்குகிறது.

அமெரிக்க உளவியலறிஞர் ரசல் பார்க்லி, இது அறியாமையால் வந்த குறையன்று, அறிந்ததைச் செய்யவேண்டிய வேளையிற் செய்யமுடியாத குறை என்று விளக்குகிறார். எனவே உதவியும் செயல் நிகழும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஜெர்மனிய அறிஞர் பீற்றர் கொல்விற்சர், “நன்றாய்ப் படிப்பேன்” என்னும் பொதுவான எண்ணத்திலும், “இது நடந்தவுடன் இதைச் செய்வேன்” என்னும் குறிப்பான திட்டம் பயன் மிக்கது என்று 1999இல் எழுதினார். நான் இப்பொழுது நேரசூசி வரைவதில்லை. இராச்சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தவுடன் கொப்பியைத் திறப்பேன், அவ்வளவுதான். எழுதி முடித்த ஒப்படையைச் சைக்கிள் திறப்பின்மேல் வைப்பேன். அதை எடுக்காமல் திறப்பை எடுக்க முடியாது.

இவை சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. அந்த வெட்கமே பெருந்தடையாய் நின்றது. அறைத்தோழனிடம், “நான் படிக்கும்போது நீ எதிரில் இருந்து உன் பாடத்தைப் படிப்பாயா?” என்று கேட்க எனக்கு இரண்டு மாதம் சென்றது. நான் செய்த சபதம் எதுவும் அவ்வளவு கடினமாய் இருந்ததில்லை. அவனோ, “இதற்கா இவ்வளவு யோசித்தாய்?” என்று கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தான்.

முற்றாகத் திருந்திவிட்டேன் என்று இச்சபையிற் பொய் சொல்லமாட்டேன். சென்ற மாதமும் ஒரு வாரம் குலைந்தது. ஆனால் அடுத்த தைப்பொங்கல்வரை காத்திருக்கவில்லை. மறுநாட் காலை கொப்பியைத் திறந்தேன். என் வாழ்வில் வந்த மாற்றம் இதுவே.

என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். வைத்தியர் கூறியதைக் கேட்டபோது, “சோம்பலுக்கும் இப்போது பெயர் வைத்துவிட்டார்களா?” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. சென்ற விடுமுறையில் வீடு சென்றபோது வாசற் கதவருகே புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. “உன் திறப்புக்கு” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பெரியோர்களே, உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பின், அவனிடம் இன்னொரு சபதம் கேளாதீர்கள். ஓர் ஆணி அடித்துக்கொடுங்கள். நண்பர்களே, உங்களுள் என்னைப்போன்றவர் இருப்பின், நல்லநாளுக்குக் காத்திராது வைத்தியரிடம் செல்லுங்கள். எதிரில் வந்து அமரும்படி ஒரு தோழனையும் கேளுங்கள்.