கிளினிக் நாளும் அரைப் பேரும்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளக் கூட்டம் என்றால் மடுவம் நிறைந்துவிடும். பிள்ளைகளின் நிறையைப் பற்றிப் பேசவும் இத்தனை பேர் வந்திருப்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 100க்கு 32 பேர். "தோட்டத்து ஆட்களே குட்டைதானே" என்று சிலர் சிரிக்கிறார்கள். அது பொய். வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வருடத்திலும் சாப்பாடும் கவனிப்பும் குறைந்தால் வளர்த்தி குறையும். பிறகு முதலாம் வகுப்பில் நாங்கள் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் காலம் திரும்பி வராது.

அதற்குத்தான் அந்தக் கிளினிக் கொப்பி. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ். ஊசித் திகதி எழுதுவதற்கு மட்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 2, 4, 6 மாத ஊசிக்குத் தவறாமல் போகிறோம். ஊசி இல்லாத மாதம் போவதில்லை. இரண்டு வயது வரை மாதாமாதம் நிறுக்க வேண்டும். கொப்பியில் உள்ள கோடு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால், பிள்ளை ஓடி விளையாடினாலும், ஏன் என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். தமிழில் பதில் கிடைக்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். அது சங்கம் பேசவேண்டிய விடயம்.

போகாத தாயைத் திட்டுவது சுலபம். கிளினிக்குக்குப் போய்வந்தால் அரைப் பேர்தான் விழும். கடைக் கணக்கு காத்திருக்கும்போது அவள் என்ன செய்வாள்? திரிபோஷ பக்கற்றை வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பங்குபோட்டால் அதையும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

தாய்ப்பாலையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறார்கள். பிரசவ லீவு 12 வாரம். மிச்ச மாதங்களுக்கு? ஒரு வயதாகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு முறை நேரம் விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவள் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போய்விடும். அதனால் பால்குடிப் பிள்ளைக்காரிகளுக்குக் காம்பராவுக்குக் கிட்டிய மலையில் நிரை கொடுக்கச் சொல்லி கேட்கப் போகிறோம். துரைக்கு இதில் ஒரு சதமும் செலவில்லை. கிளினிக் நாளுக்கு முழுப் பேர் கேட்பதுதான் இழுபறியாகும், அதையும் விடமாட்டோம்.

அப்பாமாரே, பின்னால் நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போக உங்களுக்கும் கை இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். பேர் வெட்டப்பட்ட கிளினிக் நாட்களின் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாருங்கள். துரையின் மேசையில் வைக்க எங்களுக்கு அந்தத் துண்டுகள்தான் வேண்டும்.