பின்பக்கத்தையும் அனுப்புங்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறப்பு விழா 1954 ஏப்ரல் 20 இல் நடந்தது. மாணவர்களோ 1952 இலேயே அங்கு குடிபுகுந்துவிட்டார்கள். அதனால்தான் எடின்பரோ கோமகன், பல்கலைக்கழகம் வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாகப் பிரகடனம் செய்தார். அந்தப் பேச்சு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால், விழா ஒன்றை நடத்திவைப்பவை வேறு தாள்கள்: அழைப்பாளர் பட்டியல், ஆசன ஒழுங்கு, ஊர்வலத்தில் யார் முன் யார் பின், மழை வந்தால் என்ன செய்வது, தேநீர்க் கணக்கு. (எத்தனை பேர் வந்தார்கள் என்ற உண்மை தேநீர்க் கணக்கில்தான் இருக்கும்.) விழா முடிந்ததும் முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

எமது பரிசளிப்பு விழாக் கோவைகள் குப்பைக்குப் போகவில்லை. 1995 இடப்பெயர்வில் அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. இந்த மலருக்குப் படங்கள் கிடைத்தன. பிரதம விருந்தினர்களை அடையாளம் கண்டோம். பின்வரிசையில் மாலைத் தட்டோடு நிற்கும் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

ரொறன்ரோவோ, லண்டனோ, சிட்னியோ, உங்கள் பெட்டிக்குள் பழைய நிகழ்ச்சி நிரல் ஒன்று கிடந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பென்சிலால் குறித்த பெயர்கள் அங்கேதான் இருக்கும்.