கற்ற கல்வி யாருக்கு?

 

காணிப்பாக்கத்தில் வழக்குடையோர் திருக்குளத்தில் நீராடி, விநாயகப் பெருமான் முன் சத்தியம் செய்து பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும் மரபை நாம் அறிவோம். எனினும், அதிகாரத்தின் முன் எளியவனுடைய மெய்யை எடுத்துரைப்போர் யார்? அப்பணியை மேற்கொண்ட பேராசிரியர் ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் கே. பாலகோபால் (1952–2009). திருப்பதியில் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பலவற்றிற்கு இசையமைத்த ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மாவின் பேரர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1980களில் அப்பதவியைத் துறந்து மனித உரிமைப் பணியில் இறங்கினார். ஊர்தோறும் சென்று உண்மை அறிந்து, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஓயாது எழுதினார். அரசின் வன்முறையைக் கண்டித்த அவர், ஆயுதம் ஏந்திய புரட்சியாளரின் வன்முறையையும் கண்டிக்கத் தயங்கினாரில்லை. எழுத்து மட்டும் போதாதென்று கண்டு சட்டமும் பயின்று, உயர்நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வாதாடினார்.

இது நமக்கு அயலார் கதையன்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் 20 பேர் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மரம் வெட்ட வந்து, மொழி அறியாது வழக்கில் சிக்குவோரின் சொல்லை மன்றத்தில் எடுத்துரைக்கச் சட்டமும் இருமொழியும் கற்றவர் வேண்டும். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு மொழிகள் இரண்டும் இயல்பாகவே வாய்த்துள்ளன. குறைவது சட்டக் கல்வி ஒன்றே. பொறியியலையும் மருத்துவத்தையும் மட்டுமே நாடும் பெற்றோர், ஒரு பிள்ளையையேனும் சட்டம் பயில விடுப்பாராக. அதுவே இம்மண்ணுக்கும் மொழிக்கும் நாம் செலுத்தும் கடன்.