மஞ்சள் உடலில் சேரும் வழி
(நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



மஞ்சள் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பொங்கற் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டுகிறோம். இருமல் கண்ட பிள்ளைக்கு மஞ்சள் கலந்த பாலைக் கொடுக்கிறோம். இப்பொழுது மஞ்சள் சத்து அடைத்த மாத்திரைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. பெரட்டுக்கு விடியற்காலையில் எழுந்து உழைத்துப் பெற்ற சம்பளத்தில் ஒரு பகுதியை, மூட்டு வலி தீரும் என நம்பி அவற்றுக்குச் செலவிடுவோரும் உளர். ஆதலின், உண்ட மஞ்சள் உடலில் எவ்வாறு சேருகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். ஐரோப்பிய அறிஞர்கள் 1815ஆம் ஆண்டிலேயே அதனைப் பிரித்தெடுத்தனர். நூறு கிராம் மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 கிராம்தான் உண்டு. அது நீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். குடலிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சிறிதளவே. அச்சிறிதளவையும் குடற்சுவரும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

பெங்களூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறத்தாழக் காணப்படவே இல்லை. அதனுடன் 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பிப்பரின் என்பது மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள்.  குர்க்குமினை வெளியேற்றும் வேலையை அது தாமதப்படுத்துகிறது.

இதற்கெனப் புதிய சமையல் எதையும் நாம் கற்க வேண்டியதில்லை. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேருகின்றன. தாளிப்பில் எண்ணெயும் சேருகிறது. நெகிரி செம்பிலானுக்கே பெயர் பெற்றுத் தரும் மாசாக் லெமாக் சிலி அப்பியில் மஞ்சள் தேங்காய்ப்பாலில் வேகிறது. மிளகு இல்லையாயினும், தேங்காய்ப்பாலின் கொழுப்பில் குர்க்குமின் கரைகிறது. வெறுந்தண்ணீரில் மஞ்சளைக் கலக்கிக் குடிப்பதைக் காட்டிலும் இவ்வழிகள் மேலானவை.

எனினும் அளவை மறத்தலாகாது. அவ்வாய்வில் கொடுத்த 2 கிராம் குர்க்குமினைப் பெற 60 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூள் வேண்டும். ஒரு தேக்கரண்டித் தூளோ ஏறக்குறைய 3 கிராம்தான். ஆகவே குழம்பிலுள்ள மஞ்சள் நல்ல உணவு. நோய் தீர்க்கும் மருந்தென்று அதனை எண்ணுதல் கூடாது.

மாத்திரையின் நிலை வேறு. அதில் குர்க்குமின் மிகுதி. பலவற்றில் பிப்பரினும் சேர்க்கப்பட்டிருக்கும். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும் என ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் எச்சரித்தது. எளிதில் உடலிற் சேருமாறு செய்யப்பட்டவற்றிலும், அளவு மிகுந்தவற்றிலும் ஆபத்து அதிகம் என்றும், உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு இது பொருந்துவதாகத் தெரியவில்லை என்றும் அது விளக்கியது. மேலும், பிப்பரின் வேறு சில மருந்துகளும் உடலை விட்டு நீங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் அம்மருந்துகளின் வேகம் கூடும்.

ஆதலால் நீரிழிவுக்கோ, இரத்த அழுத்தத்துக்கோ, இரத்தம் உறையாதிருக்கவோ மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் மஞ்சள் மாத்திரையைத் தொடக் கூடாது. பித்தப்பையில் கல் உள்ளவர்களும் அவ்வாறே. வாங்குமுன் பெட்டியில் எம்.ஏ.எல். பதிவு எண் உள்ளதா எனப் பாருங்கள். உண்டபின் கண் மஞ்சளாயினும், சிறுநீர் கறுத்தாலும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு, அதன் பெட்டியுடன் அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்பியிருத்தல் எவ்வாற்றானும் தகாது.

மஞ்சளும் மிளகும் நம் அடுப்படியில் என்றும் இருக்கட்டும். நோய்க்கு மருத்துவரை நாடுவோம். உழைத்த பணத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே காப்போம்.