கையில் காகிதமில்லாமல்

மகாநாட்டில் பேச அழைப்பு வந்துவிட்டால், பத்து நாள் முன்னதாகவே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, எழுதியதை அடித்து, அடித்ததை மறுபடி எழுதி, வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கிற ஜாதியைச் சேர்ந்தவன் நான். ஆகையால், 1893-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் இருந்த நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் உண்டாகிறது.

சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணத்தின் உதவியோடு கப்பலேறிப் போன அவர், மற்றப் பிரதிநிதிகள் தயாராக எழுதி வந்த பிரசங்கங்களை ஒவ்வொருவராக நிகழ்த்தி அமர, தாம் மட்டும் வெறுங்கையோடு, நெஞ்சு படபடக்க, நா வறள, முறை வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டுக் காலைப்பொழுதைக் கழித்தே விட்டார். அதை அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிற்பகலில் சரஸ்வதியை மனத்தில் வணங்கி எழுந்து, சபையோரைச் சகோதரிகள், சகோதரர்கள் என்று விளித்தாரோ இல்லையோ, கரகோஷம் ஓய இரண்டு நிமிஷம் பிடித்தது.

இதைக் கேட்டுக் குறிப்பே இல்லாமல் மேடையேறத் துணிகிற நண்பர்களுக்கு ஒரு விஷயம்: 19-ஆம் தேதி இந்து மதத்தைப் பற்றி அதே சபையில் அவர் அளித்த பேருரை, முன்கூட்டி எழுதிவைத்து வாசித்ததுதான்.