சின்ன ரவைதானே என்று இருந்துவிட வேண்டாம்

(தோட்ட நலன்புரிக் கூட்டம் ஒன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் குடிதண்ணீர் பற்றிப் பேசினோம். இன்றைக்குத் துவக்கு பற்றிப் பேசப் போகிறோம். "நம்மகிட்ட ஏது துவக்கு? இது நமக்கு எதுக்கு?" என்று பின்னால் யாரோ சொல்வது காதில் விழுகிறது. நம்மிடம் துவக்கு இல்லை. ஆனால் துவக்கின் ரவை நம்மிடம் வந்துவிடுகிறது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு அண்ணன் பின்னேரம் விறகு பொறுக்கக் காட்டோரம் போனார். யாரோ பன்றிக்குக் கட்டி வைத்த கட்டுத்துவக்கின் கம்பி அவர் காலில் தட்டியது. கெண்டைக்காலில் நாலைந்து ஓட்டை. ரத்தமும் பெரிதாக இல்லை. "சின்ன ரவைதானே, ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் கேஸ் ஆகிவிடும்" என்று கோப்பித்தூளை அப்பி, சேலைத் துணியால் கட்டி, லயத்திலேயே படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் பாதம் நீலம் பாரித்து, ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் 'சின்ன ரவை' எப்படி ஒரு காலையே கொண்டு போனது? அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நம் நாட்டில் அனுமதிப் பத்திரத்தோடு பயிர்க் காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் துவக்கு. அதன் தோட்டாவுக்குள் அடியில் மருந்து, நடுவில் அடைப்பு, மேலே ஈய ரவை. சாதாரணமாக ரவை மட்டும் 32 கிராம் இருக்கும். வெடித்தவுடன் மருந்து புகையாகி, அந்தப் புகை ரவையைத் தள்ளுகிறது. குழல் வாயை விட்டு வெளியே வரும்போது வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீற்றர். அந்த இடத்தில் ரவைக்கு இருக்கும் பலத்தைத்தான் குழல்வாய்ச் சக்தி என்கிறார்கள்.

அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது? பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். நிறையில் பாதியை எடுத்து, வேகத்தை வேகத்தால் பெருக்கி வருவதோடு பெருக்க வேண்டும். 32 கிராமுக்கும் 400 மீற்றருக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,560 ஜூல் வரும். ஜூல் என்றால் என்ன என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 50 கிலோ உர மூட்டையை ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஃபெக்டரி மேல் தட்டு ஜன்னலிலிருந்து, கீழே போட்டால் தரையில் விழும் அடி அவ்வளவுதான்.

இதில் முக்கியம் வேகம்தான். நிறை இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. பன்றி சுடும் எஸ்.ஜீ. தோட்டாவில் கடலை அளவு ரவை ஒன்பது இருக்கும். ஒன்று மூன்றரைக் கிராம். அந்த நிறையில் ஒரு சின்னக் கல்லை எடுத்து வீசினால் உடம்பில் பட்டதே தெரியாது. ஆனால் நம் கை வீசும் வேகத்தை விட ரவையின் வேகம் 20 மடங்கு என்று வைத்தால், சக்தி 20 மடங்கு அல்ல, 400 மடங்கு. ஒரே ஒரு எஸ்.ஜீ. ரவையில் ஏறக்குறைய 280 ஜூல். 20 கிலோ கொழுந்துச் சாக்கு தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து விழுகிற அடி, ஒரு விரல் நுனி அளவு இடத்தில் இறங்குகிறது.

அந்தச் சக்தி உடம்புக்குள் போனபின் ஓட்டை போட்டதோடு நிற்காது. சுற்றியுள்ள சதையை விரித்துக் கிழிக்கும். எலும்பில் பட்டால் எலும்புத் துண்டே இன்னொரு ரவையாக ஓடும். வெளியே கடலை அளவு ஓட்டை, உள்ளே ரத்தக் குழாய் அறுந்து கிடக்கும். அந்த அண்ணனின் பாதம் குளிர்ந்தது அதனால்தான். மேலே இருந்து ரத்தம் இறங்கவில்லை.

இனித் தூரம். பறவை சுடும் ஆறாம் நம்பர் தோட்டாவில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய ரவை 300 போல இருக்கும். ஒன்றுக்கு எட்டு ஜூல்தான். காற்று அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். 40 மீற்றரில் வேகம் பாதியாகும், சக்தி கால் பங்காகும். அப்படியிருந்தும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். எஸ்.ஜீ. ரவை அப்படி அடங்காது. அதே 40 மீற்றரில் பாதிக்கு மேல் சக்தி மிச்சம் இருக்கும். குறி தவறியது அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழலாம். பக்கத்து மலையில் பிள்ளைகள் விளையாடலாம், கொழுந்து எடுக்கலாம். 'மேலே பார்த்துத்தான் சுட்டேன்' என்பது பதில் ஆகாது.

கிட்டத்தில் என்ன நடக்கும்? ரவை விரிவதற்கு இடம் வேண்டும். இரண்டு மூன்று மீற்றருக்குள் எல்லா ரவையும் ஒரே கட்டியாகவே போகும். 2,560 ஜூலும் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் இறங்கும். கட்டுத்துவக்கு இருப்பது நம் காலிலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். பெரியவருக்கு அது முழங்கால். நாலு வயதுப் பிள்ளைக்கு அது வயிறு.

பன்றித் தொல்லை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வருட மரவள்ளியும் கிழங்கும் ஒரே இரவில் போவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. வருவது பன்றியா, விறகுக்கு வந்த அக்காவா என்று அது பார்க்காது. அது சட்டத்துக்கும் விரோதம்.

இன்னொன்று. சில தம்பிமார் தண்ணீர்ப் பைப்பில் துவக்குச் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். லொறி டயரில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் போலக் காற்று அடிப்பார்கள். அந்த டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? தோட்டா வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் 10,000 இறாத்தல் வரை போகும், நூறு மடங்கு. தண்ணீர்ப் பைப் அதற்காகச் செய்ததல்ல. பைப் பிளந்தால் ரவை முன்னால் போகாது, இரும்பு பின்னால் வரும். கையும் முகமும் போகும்.

பிள்ளைகளே, காட்டோரம் தோட்டா கிடந்தால் எடுக்காதீர்கள். கல்லால் தட்டவும் வேண்டாம், அடுப்பில் போடவும் வேண்டாம். குழல் இல்லாதபடியால் ரவைக்கு முழு வேகம் வராது, உண்மைதான். ஆனால் கூடு சிதறி, பித்தளைத் துண்டு கண்ணுக்குத்தான் முதலில் வரும். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, யாருக்காவது ரவை பட்டால் செய்ய வேண்டியது இது:

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையால் இறுக்கி அமுக்குங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள் எதுவும் போட வேண்டாம். ஊசியால் ரவையைக் கிண்டி எடுக்க வேண்டாம். அடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம், அதனால் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்க வேண்டாம். உடனே 1990க்குப் பேசுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரத் தாமதமானால் தோட்ட லொறியோ முச்சக்கர வண்டியோ, கிடைத்ததில் ஏற்றுங்கள். ஓட்டை சின்னதாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பொலிசுக்குப் பயந்து இரவைக் கடத்த வேண்டாம். டொக்டர்மார் முதலில் பார்ப்பது காயத்தைத்தான். அடிபட்டவர் குற்றவாளி அல்ல.

அந்த அண்ணன் இப்போதும் ஊன்றுகோலோடு கூட்டத்துக்கு வருவார் என்று கேள்வி. எங்களைக் கடைசியாகக் கண்டபோது சொன்னார்: "ஐயா, அன்னைக்கு ராவே கொண்டு போயிருந்தா நான் இன்னைக்கு மலையில நிப்பேன்." அந்த ஒரு இரவு உங்கள் யாருக்கும் வீணாகப் போகக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் சொன்னோம்.